அந்த அம்மா பெயரில் ஒரு புத்தகமும் குறையக் கூடாது

பெருங்களத்தூர் வாசகர் வட்டத்துப் பிள்ளைகளுக்கு,

உங்கள் நூலகர் அம்மாவுக்கு நினைவேந்தல் நடத்தப் போகிறீர்கள், இதெல்லாம் செய்து பழக்கமில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். நான் பொது நூலகத் துறையில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். பணியில் இருக்கும்போதே கண்ணை மூடிய சகாக்களுக்காக இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் மனசு நிறைந்து எழுந்து வந்தவை கொஞ்சம்தான். அதனால் நீங்கள் கேட்டதற்கு மேலேயும் சொல்கிறேன்.

அவர் பெயரை இதில் எழுதவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை புத்தகம் எடுத்துக் கொடுத்தவர், விடிந்தால் இல்லை. அந்தக் குடும்பம் இன்னும் தெளியவில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

1. முதலில் அவரவர் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்.

கூட்டம், படம், மாலை எல்லாம் பிறகு. அவரிடமிருந்து இரவல் வாங்கி இன்னும் திருப்பாத புத்தகம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். டிவிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், ஊருக்குக் கொண்டுபோய் மறந்த பையில், கல்யாணமாகிப் போன அக்காவின் பழைய மேசையில் எல்லாம் தேடுங்கள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், அரசு நூலகத்தில் ஒருவர் மாறுதலாகிப் போனாலும் ஓய்வு பெற்றாலும் பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு. சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, அந்தப் புத்தகம் அலமாரியில் இருக்கிறதா, வாசகர் கையில் இருக்கிறதா, கிழிந்து கழிக்கப்பட்டதா என்று பார்ப்பார்கள். போகிறவர் பக்கத்திலேயே நின்று, ‘இது பைண்டிங்குக்குப் போயிருக்கு, அது இன்னார் வீட்டில் இருக்கு, நாளைக்கு வந்துவிடும்’ என்று சொல்லிக்கொண்டே வருவார். ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டவர் எப்படி வந்து சொல்வார்? கணக்குக்கு வராதது எல்லாம் ‘குறைவு’ என்று அவர் காலத்துக் கணக்கில் ஏறும். அவர் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம் கைக்கு வருவதற்குள் அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

புத்தகம் கைமாறினால் சில தொலையத்தான் செய்யும். மத்திய அரசின் பொது நிதி விதிகளே (2017) இதை ஒப்புக்கொள்கின்றன. ஓராண்டில் இரவல் போனதும் எடுத்துப் படிக்கப்பட்டதுமான புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைந்தால் அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம், நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கிளை நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்தில் கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட நூலகர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

உங்கள் அம்மா பூட்டவில்லை. உறுப்பினர் அட்டைக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லாத பிள்ளைகள் வந்தால், அதுவும் வேலைக்காக வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் வந்தால், தன் பெயரிலேயே எழுதிக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார். அப்படிக் கொடுத்ததெல்லாம் இன்றைக்கு அவர் தலையில் நிற்கிறது. அவர் நம்பிக் கொடுத்தது வீண்போகாமல் பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

எது நூலகப் புத்தகம், எது சொந்தப் புத்தகம் என்று வீட்டில் குழப்பம் வரும். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் முத்திரையும் சேர்க்கை எண்ணும் இருக்கும். அந்தப் பக்கம் கிழிந்துபோயிருந்தால் உள்ளே புரட்டுங்கள். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் அதே எண்ணை மறுபடி எழுதியிருப்பார்கள். இரகசியப் பக்கம் என்று எங்களுக்குள் சொல்வோம். ஒரு நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் அது ஒரே பக்கமாகத்தான் இருக்கும், ஆகவே ஒன்றில் கண்டுபிடித்தால் மற்றதிலும் சுலபம். அட்டை போய், தலைப்புப் பக்கமும் போய், பழைய பேப்பர் கடை வரைக்கும் போன புத்தகங்களை அந்த எண்ணை வைத்து மீட்டிருக்கிறோம்.

தொலைந்தே போயிருந்தால் அதே புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள், கிடைக்கவில்லை என்றால் விலையைக் கட்டி ரசீது வாங்குங்கள். தாமதக் கட்டணத்துக்குப் பயந்து இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இப்போது பொறுப்பில் இருப்பவர் கையில் கொடுத்து, பதிவேட்டில் அடிக்கச் சொல்லி, அடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். யாரும் இல்லாத நேரத்தில் வாசல் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு வருவது மட்டும் வேண்டாம்.

பழைய பெருங்களத்தூர், புதுப் பெருங்களத்தூர் என்று ரயில் பாதையின் இரண்டு பக்கமும் ஆளுக்கு நாலு தெரு பிரித்துக்கொண்டு கேட்டு வந்தீர்கள் என்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பீர்க்கன்காரணை, முடிச்சூர்ப் பக்கமும் அவருக்கு வாசகர்கள் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

2. அவர் வீட்டுக்குப் போகும்போது பழத்தோடு ஒரு குயர் வெள்ளைத்தாளும் கொண்டு போங்கள்.

துக்கம் விசாரிக்க எல்லோரும் போவார்கள். பத்து நாளில் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பிறகுதான் விண்ணப்பங்கள் ஆரம்பிக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்பப் பாதுகாப்பு நிதி, பணிக்கொடை, ஈட்டிய விடுப்புக்கான பணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போகும். அந்த வீட்டுக்காரருக்கோ பிள்ளைகளுக்கோ இதில் எது முதல், எது பிறகு என்று தெரிய நியாயமில்லை. உங்களில் நிதானமான ஒருவர், கூடவே அலுவலக அனுபவம் உள்ள ஒரு பெரியவர், இரண்டு பேர் கூடப் போய் நில்லுங்கள்.

பணியில் சேர்ந்த தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் வந்தது. அதற்கு முன் சேர்ந்தவருக்கு ஒரு கணக்கு, பின் சேர்ந்தவருக்கு வேறு கணக்கு. ஊர்ப்புற நூலகராகச் சேர்ந்து பிறகு கிளை நூலகரானவர் என்றால் எந்த நாளிலிருந்து முறையான பணி என்று பணிப்பதிவேட்டில் எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கருணை அடிப்படையில் வேலை கேட்பதானால் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ‘பையன் படித்து முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் நயமாக எடுத்துச் சொல்லுங்கள். துக்கத்தில் மூன்று ஆண்டு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். நாள் தவறியதால் கையைப் பிசைந்துகொண்டு நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

3. ஜி.எஸ்.டி. சாலையில் பேனர் வைக்க வேண்டாம்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை அந்தச் சாலையில் எத்தனை முகங்கள் தொங்குகின்றன என்று பார்த்திருப்பீர்கள். அவர் படத்தை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள். நூலக வாசலில் ஒரு கரும்பலகை போதும். அதில் சாக்பீஸால் அவர் தினம் ஒரு புத்தகத்தின் பெயர் எழுதிவைப்பாரே, அதைத் தொடர்ந்து எழுத ஆள் போடுங்கள்.

4. கூட்டத்தில் பேசுகிறவர்கள் ஆளுக்கு ஒரு நாளைச் சொல்லட்டும்.

‘ஈடு செய்ய முடியாத இழப்பு’, ‘அர்ப்பணிப்பின் மறு உருவம்’, ‘அறிவுக்கோயிலின் அர்ச்சகர்’ என்றெல்லாம் மேடையில் வரும். எந்த நூலகருக்கும் இதைச் சொல்லலாம், அதனால்தான் இது யாரையும் சொல்லாது. பேச அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: அவர் உங்களுக்கு எடுத்துக் கொடுத்த ஒரு புத்தகம், அன்றைக்கு நடந்தது என்ன, இவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று அழைப்பிதழை நிரப்பினால் வாசகர்களுக்கு நேரம் இருக்காது. பிரமுகர்கள் வந்தால் முன்வரிசையில் உட்காரட்டும். தையல் வேலை செய்யும் அக்கா, குரூப் 4 தேர்வுக்குப் படித்த தம்பி, தினம் காலையில் நாளிதழுக்கு முதல் ஆளாக வரும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், இவர்கள் பேசட்டும்.

என்ன மாதிரிச் சொல்ல வேண்டும் என்பதற்கு நான் ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளம் உங்களில் பலருக்குச் சின்ன வயசு ஞாபகமாக இருக்கும். முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் அடையாற்றுத் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்த உடனே நான் அவரைப் பார்க்கப் போனேன். அவர் வேலை பார்த்த இடத்தில் வெள்ளம் நிரம்பவில்லை, ஆனால் சுவர் ஊறிக் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்திருந்தன. அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்தையும் விசிறிபோல் விரித்து நிற்கவைத்து, பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு துண்டுச் செய்தித்தாள் செருகிக்கொண்டிருந்தார். தாள் ஈரத்தை இழுத்ததும் உருவிவிட்டு வேறு தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே என்று உதவிக்கு வந்த ஒருவர் சொன்னார். ‘வெயில் பட்டா அட்டை வளைஞ்சு பக்கமெல்லாம் மொறமொறன்னு ஆயிடும், நிழல்லதான் காயணும்’ என்றார் இவர், தலையை நிமிர்த்தாமலே. வழவழப்புத் தாளில் அச்சான படப் புத்தகங்களை மட்டும் தனியே எடுத்து, ஒட்டிக்கொள்வதற்குள் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவை எல்லாம் குழந்தைகள் புத்தகங்கள். அவர் வீட்டிலும் தண்ணீர் வந்திருந்தது என்பது எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

இப்படி ஒரு நாள், ஒரு காரியம். பத்துப் பேர் பத்து நாளைச் சொன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று வந்தவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும். பேசுவதை ஒருவர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் நிறுத்திக்கொள்ளலாம், மறைக்க வேண்டியதில்லை.

5. அவர் பெயரை வைக்கச் சொல்லி மனு எழுதுவதற்கு முன்னால், அவர் இடத்துக்கு ஆள் கேட்டு மனு எழுதுங்கள்.

நூலகத்துக்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்று உங்களில் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆசை நியாயமானது. ஆனால் கிளை நூலகத்தில் ஒருவர் இறந்துபோனால் உடனே நடப்பது என்ன தெரியுமா? பக்கத்து நூலகத்தில் இருப்பவருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஓர் உத்தரவு வரும். அவர் பாவம், இரண்டு இடத்தையும் இழுத்துக்கொண்டு ஓடுவார். வாரத்தில் சில நாள் இங்கே, சில நாள் அங்கே. காலையில் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிய வாசகர் மறுநாளும் வருவார், மூன்றாம் நாள் வர மாட்டார். மாதங்கள் போனால் ‘வருகை குறைவு’ என்று அந்த நூலகத்தைப் பற்றியே எழுதிவிடுவார்கள். பெரிய பெயர்ப்பலகை மாட்டிய பூட்டிய நூலகம் அவருக்கு மரியாதையாகாது.

மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். நகல் பொது நூலக இயக்குநருக்கும் உங்கள் மாமன்ற உறுப்பினருக்கும் போகட்டும். எழுதும்போது கெஞ்சி எழுத வேண்டாம், உரிமையோடு எழுதுங்கள். 1948இல், தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அது. அதன்படிதான் நூலக ஆணைக்குழுக்கள் அமைந்தன, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகத் தொடங்கியது. இப்போது ரூபாய்க்குப் 10 பைசா. பெருங்களத்தூர் பேரூராட்சியாக இருந்தபோதும் கட்டினீர்கள், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் கட்டுகிறீர்கள். அடுக்குமாடிகள் எழ எழ அந்த வரியும் கூடித்தான் வந்திருக்கிறது. நூலகம் நம்முடைய காசில் நடப்பது. அதில் ஒரு ஆளைப் போடுங்கள் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

மனுவில் உணர்ச்சி ஒரு பத்தி போதும். மற்றது விவரமாக இருக்கட்டும்: இப்போது வாரத்தில் எந்தெந்த நாள் திறக்கிறது, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள். ஒரு மாதம் வாசலில் மாற்றி மாற்றி உட்கார்ந்து குறித்தால் அது கிடைத்துவிடும். அலுவலகத்தில் கண்ணீருக்குக் கோப்பு எண் போட மாட்டார்கள், கணக்குக்குப் போடுவார்கள்.

6. நன்கொடை என்ற பெயரில் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

அவர் நினைவாகப் புத்தகம் கொடுங்கள் என்று அறிவித்தீர்கள் என்றால், மறு வாரமே பழைய பத்தாம் வகுப்பு வழிகாட்டி, காலாவதியான கம்ப்யூட்டர் புத்தகம், கரையான் தின்ற ஆண்டு மலர் எல்லாம் மூட்டையாக வந்து சேரும். அவற்றைத் தரம் பிரித்துத் தூக்கிப் போடுவதே புதிதாக வருகிறவருக்கு முதல் வேலையாகிவிடும். அவரிடம் வாசகர்கள் கேட்டு, இல்லை என்று அவர் குறித்து வைத்த புத்தகங்கள் ஒரு நோட்டில் இருக்கின்றன. மேசையின் இரண்டாவது இழுப்பறையில் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். பொறுப்பில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு அதை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ளதை வாங்கிக் கொடுத்தால் கேட்டவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார், வந்து எடுத்துக்கொள்வார்.

பணம் சேர்ந்தால், நூலகத்துக்குத் தொகை கட்டிச் சேரும் புரவலர்களாக ஆட்களைச் சேர்க்கப் பயன்படுத்துங்கள். கல்வெட்டுக்கு வேண்டாம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் தன் வாழ்நாள் சேமிப்பு ஒரு லட்ச ரூபாயை 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைக்க. அன்றைக்கு ஒரு லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை! அதை அவர் சிலைக்கும் கட்டடத்துக்கும் கொடுக்கவில்லை, அடுத்து வருகிறவர்கள் படிப்பதற்குக் கொடுத்தார்.

7. அவர் தலையில் இருந்ததை இறக்கி எழுதிவையுங்கள்.

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். பதிவேட்டில் எழுதாத எத்தனையோ விஷயம் ஒரு நூலகர் தலைக்குள் இருக்கும். கண் மங்கிய பெரியவருக்குப் பெரிய எழுத்தில் அச்சான புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது, இந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதித் தானே அச்சிட்டுக் கொடுத்த சிறு நூல் எங்கே இருக்கிறது, எந்த வருஷத்து வார இதழ்களை யார் பைண்டு செய்து கொடுத்தார், எந்தப் பெண்ணுக்கு வீட்டில் தெரியாமல் படிக்க மூலை மேசை வேண்டும், எந்தப் பையனிடம் அவன் அப்பாவைப் பற்றிக் கேட்கக் கூடாது. அவர் போனதோடு இதுவும் போய்விடும், நீங்கள் இப்போதே பிடித்துவைக்காவிட்டால்.

வைத்தவர் போன பிறகு புத்தகங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை நம் நாட்டில் பல தடவை பார்த்திருக்கிறோம். உங்களிடமிருந்து நாலு ரயில் நிலையம் தள்ளிப் பல்லாவரத்தில் இருந்தார் மறைமலையடிகள். ஏறத்தாழ 4,000 புத்தகங்கள் அவர் வீட்டில். படித்து, கோடிட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி, அட்டை போட்டு வைத்திருந்தார். 1950இல் அவர் மறைந்தார். அந்தப் புத்தகங்கள் பிரிந்து போகாமல், சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை முயற்சியில் 1958இல் லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூல் நிலையமாகத் திறந்தன. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஓர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது, துண்டு நோட்டீஸ், நாடக விளம்பரம், பாட்டுப் புத்தகம் உட்பட ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நம் ஊரிலேயே வைத்து, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. உ. வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார், அடுத்த ஆண்டே அவர் பெயரில் நூல் நிலையம் வந்தது. மூன்று இடத்திலும் காப்பாற்ற யாரோ உடனே இறங்கியிருக்கிறார்கள். பேர் தெரியாத எத்தனையோ பெரியவர்கள் வீட்டில் அப்படி யாரும் இறங்கவில்லை. அங்கே இருந்தவை எடைக்குப் போயின.

உங்கள் நூலகத்தில் புத்தகங்கள் அரசாங்கச் சொத்து, அவை எங்கும் போகாது. போகக்கூடியது அவற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்ததுதான். ஆகவே ஒரு நீள நோட்டு வாங்குங்கள். வாசகர்களை ஒவ்வொருவராகக் கேளுங்கள்: அந்த அம்மா உங்களுக்கு எதை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? ஊரைப் பற்றி ஏதாவது கேட்டால் யாரைப் போய்ப் பார்க்கச் சொல்வார்? ஏரி, வயல் எல்லாம் மனையாக மாறியதற்கு முன் இந்த ஊர் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரிந்த கிழவர்களை அவர் தெரிந்துவைத்திருந்தார். அவர்களையும் பாருங்கள், அவர்களுக்கும் வயசாகிறது. தனிப்பட்ட குடும்ப விஷயங்களை மட்டும் நோட்டில் ஏற்றாதீர்கள். அவர் யாரிடமும் சொன்னதில்லை, நாமும் சொல்லக் கூடாது.

8. உங்களில் நூலகவியல் படிக்க நினைக்கும் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று.

அவரைப் பார்த்து இந்த வேலைக்கு ஆசை வந்தது என்று மூன்று பேர் சொன்னீர்கள். சந்தோஷம், படியுங்கள். ரங்கநாதனே கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர்தான். வந்த புதிதில் அலுத்துப்போய்ப் பழைய வேலைக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டனுக்குப் போய் அங்கே பொது நூலகங்கள் எப்படி நடக்கின்றன, சாதாரண ஜனங்கள் எப்படி வந்து படிக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மனசு மாறியது. 1931இல் நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். இந்தத் தொழிலின் வேர் அங்கே இருக்கிறது. புத்தகம் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்று நம்பியவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் இன்றைக்கு 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சின்னச் சின்னக் கிளைகளும் ஊர்ப்புற நூலகங்களும்தான். அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் வாய் பிளந்து பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் வேலை கிடைக்கப்போவது ஒற்றை அறை நூலகத்தில் என்று தெரிந்தே வாருங்கள்.

அந்த ஒற்றை அறையில் நீங்கள்தான் நூலகர், நீங்கள்தான் பெருக்குகிறவர், கட்டு தூக்குகிறவர், மின்கட்டணம் கட்டுகிறவர். பல இடத்தில் கழிப்பறை கிடையாது, இருந்தாலும் தண்ணீர் வராது. அதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்து பழகிய பெண்கள் எங்கள் துறையில் எத்தனையோ பேர். தலைசுற்றினாலும் பூட்டிவிட்டுப் போக மனசு வராது, பிள்ளைகள் வந்து நிற்குமே என்று. ரத்த அழுத்தம் பார்க்கப் போக வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமை விடுமுறைக்கும் நினைப்பார்கள், அன்றைக்கு வீட்டு வேலை வந்து குவிந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று டாக்டருக்குத்தான் தெரியும், நான் அதில் போக மாட்டேன். ஆனால் அவர் தன் உடம்பைக் கடைசியில் வைத்தார், அது எனக்குத் தெரியும். பலமுறை சொன்னேன், சிரித்தார். அவரிடம் நீங்கள் கற்றுக்கொள்ள எத்தனையோ இருக்கிறது, இதை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கழிப்பறை இல்லை என்றால் சேர்ந்த முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள், கிடைக்கும்வரை விடாமல் கேளுங்கள். வாசகர் வட்டத்தில் இருக்கும் ஆண்பிள்ளைகளே, இதைக் கேட்க நூலகர் பெண்ணாக இருந்தால் கூச்சப்படுவார், நீங்கள் மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

9. தேதியை அவர் வேலையோடு சேர்த்துப் போடுங்கள்.

நினைவு நாள் ஆண்டுக்கு ஒரு முறை வரும், இரண்டாவது ஆண்டு பாதிக் கூட்டம், மூன்றாவது ஆண்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்தநாள், நூலகர் தினம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இந்த இரண்டும் எப்படியும் நடக்கும். அவற்றில் ஒரு மணி நேரத்தை அவர் பெயரில் குழந்தைகளுக்குக் கதை சொல்ல ஒதுக்குங்கள், நிலைத்து நிற்கும்.

10. புதிதாக வருகிறவரை இவரோடு ஒப்பிடாதீர்கள்.

ஒரு நாள் புதிய நூலகர் வருவார். மாறுதலில் வந்து இடம் தெரியாமல் திணறுவார். முதல் வாரத்திலேயே யாராவது போய், ‘அந்த அம்மா இருந்தப்ப இப்படி இல்லை’ என்பார்கள். அந்த ஒரு பேச்சு போதும், அவர் மனசு விட்டுப் போய்விடும். அவருக்குத் தெரியாதது பல இருக்கும், அதற்காகத்தான் அந்த நோட்டை எழுதச் சொன்னேன். அவர் கேட்கும்போது கொடுங்கள். அவர் அலமாரிகளை மாற்றி அடுக்கினால் மாற்றட்டும், கரும்பலகையை வேறு சுவருக்குக் கொண்டுபோனால் போகட்டும்.

முதல் நாள் யாராவது ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் எதிரே போய் உட்கார்ந்து, பக்கத்தில் நல்ல டிபன் எங்கே கிடைக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ரயில் கேட் பக்கம் எப்போது நெரிசல் என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் அம்மா இங்கே வந்த முதல் வாரம் இதையெல்லாம் அவருக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. மத்தியானம் பிஸ்கெட்டும் தண்ணீருமாக இருந்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மனுவை எழுதி முடித்ததும் என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அலுவலக மொழியில் எங்கே திருத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற நூலகர்கள் இந்தப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறோம், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம். என்னிடமும் அவர் காலத்தில் எடுத்த இரண்டு புத்தகம் இருக்கிறது, கெடு இன்னும் தாண்டவில்லை. வருகிறபோது அதையும் வாங்கிக்கொண்டு போய்ப் பதிவேட்டில் அடிக்கச் சொல்லுங்கள்.